கரடி மூக்கில் ரொட்டி

அத்தியாயம் 9

ஃபிர்மினோவின் கோடரி சீஸ் கிடங்கின் கதவைப் பிளந்து உள்ளே ஒரு சாண் எட்டிப் பார்த்தது.

உள்ளே இருந்தவள் டெல்ஃபினா. அவன் அண்ணி. நேற்று வரைக்கும் அண்ணி, இன்று காலையிலிருந்து அண்ணனைக் கொன்றவள். அவளைக் கிடங்கில் வைத்துப் பூட்டியவர் எங்கள் மேயர். தண்டனைக்காக இல்லை, பத்திரத்துக்காக. எங்கள் ஊரில் உருப்படியான பூட்டு இருப்பது சீஸுக்கு மட்டும்தான்.

"பனி வாரும் வண்டி வந்துட்டே இருக்கு, ஃபிர்மினோ. பின்னாடியே போலீஸ் வரும்," என்றார் மேயர், பாதுகாப்பான தூரத்தில் நின்றுகொண்டு.

"வரட்டும். இவ பொணத்தைத் தூக்கிட்டுப் போகட்டும்."

மறுபடி ஓங்கினான். அப்போதுதான் ரெமிஜியோ குறுக்கே போனார்.

ரெமிஜியோ நகரத்துத் துப்பறிவாளர். எரிந்துபோன ஒரு ஹோட்டலின் இன்சூரன்ஸ் விஷயமாக வந்தவர், பனிச்சரிவில் சாலை மூடிக்கொண்டதால் எங்களிடம் மாட்டிக்கொண்டார். குடைக்கம்பி உடம்பு. பட்டணத்து ஷூ. அந்த ஷூவைப் பார்த்து ஊரே ஒரு வாரமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. கோடரியைப் பிடுங்கப் போனவருக்கு அதன் பிடி கிடைத்தது, மூக்கின் மேல்.

அவருடைய உதவியாளர் ஸீட்டா முன்னால் வந்தாள். பக்கத்தில் இருந்த பால் கேனைத் தூக்கி ஃபிர்மினோவின் முழங்காலில் இறக்கினாள். அவன் உட்கார்ந்தான். அதற்கப்புறம்தான் பேசினாள்.

"பாஸ், உங்க மூக்கு இடது பக்கம் திரும்பியிருக்கு."

"இதுக்கு முன்னாடி வலது பக்கம் திரும்பியிருந்துச்சு. நேராயிடுச்சுன்னு வெச்சுக்கோ." ரத்தத்தைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு ஃபிர்மினோவுக்கு எதிரே அவரும் பனியில் உட்கார்ந்தார். "அவங்கதான் கொன்னாங்கன்னு எப்படிச் சொல்றே?"

"ஊரே பார்த்துச்சு."

ஊர் என்றால் நான், மேயர், இவன். நேற்று பௌர்ணமி. பௌர்ணமி தவறாமல் டெல்ஃபினா ஆட்களுக்குப் பனியில் கால் புதையாமலிருக்கப் பனிமிதியடி மாட்டிவிட்டு, நிலா வெளிச்சத்தில் மலையைச் சுற்றி நடத்திக்கொண்டு போவாள். முடிவில் கஸ்பாரேயின் மலைவிடுதியில் சாப்பாடு. வரிசையில் முன்னால் அவள். யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளக் கடைசியில் அவள் புருஷன் எவாரிஸ்தோ, வனக்காவலன். நேற்று பாதி வழியில், "எனக்கு வேலை இருக்கு, நான் திரும்பறேன்," என்றான். இருட்டில், மலையில், கடைசி ஆள் கழன்றுகொள்வதாவது. டெல்ஃபினா விட்டாள் ஒரு அறை. பைன் மரத்திலிருந்து பனி கொட்டியது. "போ. இன்னிக்கு என் கண்ணுல பட்டே, மண்டையைப் பொளந்துடுவேன்," என்றாள். எல்லோரும் கேட்டோம். கேட்காதவர்களுக்கு இன்று காலையில் நான் சொல்லிவிட்டேன்.

அவன் இறங்கிப் போனான். ஃபிர்மினோ கடைசி ஆளானான். உச்சி மைதானத்தில் நிலாவைப் பார்க்க நெற்றி விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டு டெல்ஃபினா கொஞ்ச நேரம் காணாமல் போனாள். புருஷனைத் திரும்பக் கூப்பிடப் போனாளாம், அவன் கிடைக்கவில்லையாம். அப்புறம் விடுதியில் தின்றோம், குடித்தோம். குறுக்கு வழியில் இறங்கும்போது ஃபிர்மினோவின் விளக்கு வெளிச்சம் பள்ளத்தில் விழுந்தது. அங்கே எவாரிஸ்தோ கிடந்தான். மண்டை பிளந்திருந்தது. அவள் சொன்னபடியே.

"சரி," என்றார் ரெமிஜியோ. "ஸீட்டா, அதைக் கொண்டா."

செத்தவனின் பனிமிதியடிகள். குதிகாலுக்கு அடியில் இருக்கும் கம்பியை அவர் விரலால் தட்டினார். ஏற்றத்தில் அதைத் தூக்கி நிறுத்தினால் குதிகால் அதன் மேல் உட்காரும், கெண்டைக்கால் தப்பிக்கும். இறக்கத்தில் மடக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் முகம்தான் முதலில் வீடு போய்ச் சேரும்.

"இது நிமிர்ந்து நிக்குது. உங்க அண்ணன் வீட்டுக்குப் போனார்னு சொல்றீங்க. வீட்டுக்குப் போற வழியில ஏத்தம் இருக்கா?"

"கிடையாது," என்றார் மேயர்.

"விழுந்ததுல நிமிர்ந்திருக்கும்," என்றான் ஃபிர்மினோ.

"ரெண்டு கால்லயுமா?" என்றாள் ஸீட்டா. "சொல்லிவெச்சு விழுந்தாரா?"

அவள் அடுத்ததை எடுத்தாள். டெல்ஃபினாவின் முதுகுப்பை. அதிலிருந்து வந்தது அவள் குடும்பத்து மரக் கிண்டி, குடிக்க மூக்குகள் வைத்த பாத்திரம்.

நடை முடிந்து சாப்பிட்டதும் நாங்கள் குடிப்பது அதில்தான். கொதிக்கும் காபி, கிராப்பா சாராயம், ஆரஞ்சுத் தோல். ஆறு மூக்கு. ஒவ்வொரு மூக்கின் கீழும் ஒரு பிராணி செதுக்கியிருக்கும், ஆளுக்கொன்று. டெல்ஃபினா ஆடு, ஃபிர்மினோ நரி, மேயர் கழுகு (அவரே எடுத்துக்கொண்டது), விடுதிக்கார கஸ்பாரே முயல், நான் பசு. எவாரிஸ்தோ கரடி. கை மாறி வரும், அவரவர் மூக்கில் அவரவர் குடிப்போம். காலியாகும்வரை கிண்டியை மேஜையில் வைக்கக் கூடாது. விடுதியில் விட்டுவரும் பழக்கமில்லை. டெல்ஃபினாவே சுமந்துபோவாள், அவளே சுமந்துவருவாள்.

"அக்கா," என்று ஸீட்டா என்னைத்தான் கூப்பிட்டாள். "இந்தக் கரடிக்கு என்ன சளியா? மூக்கு அடைச்சிருக்கு."

வாங்கிப் பார்த்தேன். கரடி மூக்கில் கறுப்பு ரொட்டி, மென்று உருட்டி அடைத்திருந்தது. என் கை தானாகச் சிலுவை போட்டுக்கொண்டது.

"என்ன அக்கா?"

"செத்தவங்க மூக்கைத்தான் இப்படி அடைப்போம்," என்றேன். "கூடக் குடிச்ச ஒருத்தர் போயிட்டா, சேதி யாருக்கு முதல்ல தெரியுதோ அவங்க ரொட்டியை மென்னு அந்த மூக்கை அடைக்கணும். அந்த மூக்குல அன்னிக்கு வேற யாரும் வாய் வெக்கக் கூடாது."

"நீங்க இதுல குடிச்சது எப்போ?"

"சாப்பிட்டு முடிச்சு." அதற்கு மேல் என் வாய் ஓடவில்லை. ஊரில் பலர் பார்க்க ஆசைப்பட்ட காட்சி.

ரெமிஜியோ முடித்தார். "அந்த நேரத்துல எவாரிஸ்தோ வீட்ல கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்கார்னு எல்லாரும் நினைச்சீங்க. ஒருத்தருக்கு மட்டும் அவர் செத்தது தெரிஞ்சிருக்கு. வெளியூர்க்காரன் கொன்னிருந்தா வாயைத் துடைச்சுக்கிட்டுக் குடிச்சிருப்பான். இது உங்க ஊர் ஆள். கைக்குப் பழகிப்போன வழக்கம், மூளையைக் கேக்காமலே செஞ்சுடுச்சு."

"அவதான்," என்றான் ஃபிர்மினோ.

பிளந்த கதவின் வழியே டெல்ஃபினாவின் குரல் வந்தது. "நான் அடைச்சிருந்தா, அதை நானே பையில போட்டு ஊருக்குக் கொண்டுவந்து காட்டுவேனா? உங்க வம்சத்துலயே மூளையோட பொறந்தவர் ஒருத்தர்தான். அவரைத்தான் பள்ளத்துல போட்டுட்டாங்களே."

ரெமிஜியோ ரொட்டியைக் கிண்டியிலேயே விட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "செவப்பா இருக்கு. மென்ன ஆளோட வாயில ரத்தம். எவாரிஸ்தோ சும்மா சாகலை."

எல்லோர் கண்ணும் ஃபிர்மினோவின் கிழிந்த உதட்டுக்குப் போனது.

"இது மேயர் முழங்கை," என்றான். "காலையில என்னைப் புடிச்சப்போ பட்டுது." மேயர் வெட்கமும் பெருமையுமாகத் தலையாட்டினார். டெல்ஃபினாவின் உதடும் கிழிந்திருந்தது, அது ஃபிர்மினோவின் கை. அன்று ஊரில் முழுசாக இருந்த வாய் என்னுடையதுதான் என்று ஸீட்டா பிற்பாடு சொன்னாளாம்.

"வண்டி எப்போ வரும்?" என்றார் ரெமிஜியோ.

"ராத்திரிக்குள்ள," என்றார் மேயர்.

"அப்போ இன்னிக்கும் நடை. அதே ஆளுங்க, அதே சாப்பாடு. இறங்கறதுக்குள்ள ஆளைக் காட்டறேன்."

"காட்டலைன்னா?" என்றான் ஃபிர்மினோ.

"உன் கோடரி, உன் இஷ்டம்."

"பாஸ்," என்றாள் ஸீட்டா மெதுவாக, "உயிரு அந்தம்மாவோடது. பந்தயம் கட்டறது நீங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து, "கட்டட்டும்," என்றாள் டெல்ஃபினா.

இருட்டத் தொடங்கியதும் கிளம்பினோம். ஃபிர்மினோ அண்ணியின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான். இன்னொரு கையில் கோடரி. மலை வழிகாட்டியை மாடு மாதிரிக் கட்டி ஓட்டிப்போனதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவள் வேகமாக நடந்தால் இழுத்தான், மெதுவாக நடந்தால் பிடியால் முதுகில் குத்தினான். நெற்றி விளக்கை அவள் பின்பக்கம் திருப்பவே இல்லை. "இங்க பனி மெல்லிசு, இடது பக்கமா வாங்க," என்று எங்களுக்கு வழி சொல்லிக்கொண்டே போனாள். ரெமிஜியோ நாலு இடத்தில் விழுந்தார். ஒவ்வொரு தடவையும் ஸீட்டா, "தடயமா பாஸ்?" என்று கேட்டுவிட்டுத் தூக்கினாள்.

இம்முறை குறுக்கு வழியிலேயே ஏறினோம். பள்ளம் வந்தது. ஃபிர்மினோ அண்ணியின் தலைமுடியைப் பிடித்து முழங்காலில் தள்ளினான். முகத்தை அந்தச் சிவந்த பனியில் அழுத்தினான்.

"மோந்து பாரு. என் அண்ணன் ரத்தம்."

மேயர் வேறு பக்கம் பார்த்தார். ரெமிஜியோ குனிந்து அதே பனியைப் பார்த்தார்.

"ஃபிர்மினோ, நீ பன்னி வெட்டியிருக்கியா?"

"ம்."

"மண்டையைப் பொளந்தா எவ்வளவு ரத்தம் வரும்?"

அவன் பார்த்தான். பனியில் இருந்தது ஒரு சூப்புத் தட்டு அளவுதான். அவன் கை தளர்ந்தது. "வேற எங்கயோ கொட்டியிருக்கு," என்றான், தனக்குத்தானே சொல்வது மாதிரி.

"ஆமா. அந்த வேற எங்கயோவுக்கு உங்க அண்ணன் ஏறிப் போயிருக்கார். இந்த ஏத்தம் எங்க போய் முடியுது?"

மேலே விடுதியின் ஜன்னல் மஞ்சளாகத் தெரிந்தது.

கஸ்பாரே தாடிக்கு மேல் மஃப்ளர் சுற்றிக்கொண்டு சோளமாவுக் களியைக் கிண்டிக்கொண்டிருந்தான். எப்போதுமே பேசாத ஆள். பேசினால் விறகு செலவாகும் என்று நினைப்பவன் என்று நாங்கள் சொல்வோம். தலையாட்டி உட்காரச் சொன்னான். பனிமிதியடிகளைக் கதவோரம் மாட்டினோம். களி, மேலே உருகும் சீஸ், பக்கத்தில் ஒயினில் வேகவைத்த இறைச்சி. கயிறு கட்டிய பெண்ணையும் கோடரி வைத்திருந்தவனையும் எதிரெதிரே உட்காரவைத்துவிட்டு எங்களால் சாப்பிட முடிந்தது என்பது இன்றைக்கு நினைத்தால் அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இறைச்சி அப்படி இருந்தது.

ஸீட்டா பாதியில் எழுந்து, "ஒதுங்கப் போறேன்," என்று பின்வாசல் வழியே போனாள்.

சும்மா இருக்க முடியாமல் நான்தான் சொன்னேன். "இன்னிக்குக் களி பரவாயில்லை. நேத்து அடிப்பிடிச்சிருந்துச்சு. மரியாதைக்குத் தின்னோம்."

ரெமிஜியோவின் கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. "அடிப்பிடிச்சுதா? அடிக்கடி அப்படி ஆகுமா?"

"கஸ்பாரே களியா? என் ஆயுசுல நேத்துதான்."

களிக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். கிண்டுகிறவன் பக்கத்தைவிட்டு நகரக் கூடாது. ரெமிஜியோ அதைச் சொல்லவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "கிண்டியைச் சுத்த விடலாமா?" என்றார்.

கஸ்பாரே காபியும் சாராயமும் ஊற்றினான். மூக்குகளின் விளிம்பில் சர்க்கரை தடவி, சாராயம் தெளித்து, நெருப்பு வைத்தான். நீலமாக எரிந்து அடங்கியபோது ஆறு விளிம்பிலும் சர்க்கரை பழுப்பாகக் கட்டியிருந்தது. கரடி மூக்கில் ரொட்டி அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் கஸ்பாரேயின் கை ஒரு கணம் நின்றது. செத்தவன் மூக்கு அடைபட்டிருப்பது இன்று நியாயம்தானே என்றுதான் நான் நினைத்தேன்.

முதலில் நான். அப்புறம் மேயர். ஃபிர்மினோ வாங்கினான். ரெமிஜியோ அவனையே பார்த்தார். கொதிக்கும் சாராயம் கிழிந்த உதட்டில் பட்டதும் அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். தாடையில் ரத்தம் வழிய மறுபடி குடித்தான். டெல்ஃபினா வாங்கினாள். அவளும் முகத்தைச் சுளித்து, ஸ்ஸ் என்று இழுத்துக்கொண்டு குடித்தாள். கடைசியில் கஸ்பாரே. மஃப்ளரைக் கொஞ்சம் இறக்கி, கிண்டியைச் சாய்த்து, தொண்டையை ஆட்டி, என்னிடம் நீட்டினான். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

ரெமிஜியோ கிண்டியை நடுவில் வாங்கினார்.

"வாய் கிழிஞ்சவங்க ரெண்டு பேரும் வலிக்குதுன்னு காட்டினாங்க. மஃப்ளர்ல வாயை மறைச்சவர்தான் காட்டலை." விளக்கருகே திருப்பினார். பசு மூக்கில் சர்க்கரை கரைந்திருந்தது. கழுகு, நரி, ஆடு மூக்குகளிலும். கரடியில் ரொட்டி. முயல் மூக்கில் சர்க்கரை கண்ணாடி மாதிரிக் கெட்டியாக, உதடு படாமல் இருந்தது. "குடிங்க, கஸ்பாரே. நல்லா குடிங்க."

கஸ்பாரே கிண்டியை வாங்கினான். எல்லோரையும் பார்த்தான். பிறகு, காலியாகாத கிண்டியை, மேஜையின் மேல் வைத்தான்.

அது மரத்தில் பட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

பின்கதவு திறந்தது. ஸீட்டா ஒரு தலையைக் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றாள். தலை என்றால் மலையாட்டின் தலை. கை நீளத்துக்கு வளைந்த கொம்பு. எங்கள் மலையில் அதன் மேல் கை வைத்தால் ஜெயில்.

"பாஸ், பின்னாடி கிடங்குல இன்னும் மூணு தொங்குது. தரையெல்லாம் ரத்தம். எது ஆட்டோடது, எது ஆளோடதுன்னு தெரியலை." எங்கள் தட்டுகளைப் பார்த்தாள். "அந்த இறைச்சி எப்படி இருந்துச்சு?"

வனக்காவலன் எவாரிஸ்தோவுக்கு இருந்த வேலை இதுதான் என்று அப்போது புரிந்தது. நாங்கள் சுற்று வழியில் வந்துசேர்வதற்குள் அவன் குறுக்கு வழியில் ஏறி இந்தக் கிடங்கைப் பார்க்க வந்திருக்கிறான். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல்.

"என் கூரைக்குக் கீழ வந்து என்னையே புடிப்பானா," என்றான் கஸ்பாரே. மஃப்ளர் நழுவியது. முன்பல் இரண்டு இல்லை, ஈறு கிழிந்து கறுத்திருந்தது. அன்றைக்கு அவன் பேசியது அவ்வளவுதான்.

அப்புறம் களிப் பானை பறந்தது. கொதிக்கும் களி ஃபிர்மினோவின் கழுத்திலும் மார்பிலும் விழுந்து ஒட்டிக்கொண்டது. அவன் ஊளையிட்டான். குறுக்கே வந்த ரெமிஜியோவின் கையில் களி கிண்டும் கட்டை இறங்கியது, விரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. மேயர் மேஜைக்கு அடியில் போனார். நான் ஏற்கெனவே அங்கே இருந்தேன். கஸ்பாரே ரொட்டி வெட்டும் கத்தியை எடுத்து, டெல்ஃபினாவின் கழுத்தைக் கையால் வளைத்து, கதவுக்கு இழுத்துக்கொண்டு போனான். வெளியே இருட்டு. இருட்டுக்கு அப்பால் பள்ளம்.

கயிறு விறைத்தது.

மறுமுனை ஃபிர்மினோவின் மணிக்கட்டில். களி மார்பில் புகைந்துகொண்டிருக்க, அவன் காலை மேஜைக் காலில் முட்டுக்கொடுத்து இழுத்தான். சாயங்காலத்திலிருந்து அவளை விழவைக்க இழுத்த அதே கயிறு. கஸ்பாரே ஒரு எட்டு பின்னால் வந்தான். கத்தி அவள் தோளில் இறங்கியது. அவள் கை கதவோரத்தில் துழாவி, மாட்டியிருந்த பனிமிதியடியைப் பிடித்தது. அதன் அடியில் பனிக்கட்டியைக் கவ்வும் இரும்புப் பற்கள் உண்டு. அதை அப்படியே திருப்பி அவன் முகத்தில் அறைந்தாள். புருஷனுக்கு விட்ட அறை இதோடு பார்த்தால் தடவிக்கொடுத்த மாதிரி. கஸ்பாரே விழுந்தான். இன்னொரு தடவை அறைந்தாள். ஸீட்டா அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து, "போதும்மா, போலீஸுக்குப் போட்டோ எடுக்க மூஞ்சி வேணும்," என்றாள்.

ஃபிர்மினோ மணிக்கட்டிலிருந்த கயிற்றை உதறிவிட்டு எழுந்தான். கோடரியை எடுத்துக்கொண்டு கஸ்பாரேயின் தலைமாட்டில் வந்து நின்றான்.

கீழே, ஊருக்குப் பக்கத்தில், பனி வாரும் வண்டியின் விளக்கு சுழன்றுகொண்டிருந்தது.

"தள்ளு," என்றான் ஸீட்டாவிடம்.

"தள்ளாதே," என்றாள் டெல்ஃபினா. தோளைத் துணியால் இறுக்கிக்கொண்டிருந்தாள். இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, கஸ்பாரேயின் கைகளைக் கட்டி, முனையை ஸீட்டாவிடம் கொடுத்தாள். "இவனும் கீழே வரணும். உயிரோட. என் வாயால இன்னொரு தடவை யார் மண்டையும் பொளக்க வேண்டாம்."

"இங்கேயே உறையட்டும்."

"ஃபிர்மினோ. வரிசைக்குக் கடைசி ஆள் இல்லை. நீ வா."

அவன் சிரித்தானா அழுதானா தெரியவில்லை, முகமெல்லாம் களி. "கோடரி என் கையில இருக்கு. உன்னைக் கொல்லத்தான் கதவை உடைச்சேன். எனக்கு முதுகைக் காட்டிட்டு நடப்பியா?"

மிதியடியை மாட்டினாள். நெற்றி விளக்கைப் போட்டாள். திரும்பி, முதுகைக் காட்டி, இறங்க ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் கட்டிய கஸ்பாரேயும் ஸீட்டாவும், அப்புறம் மேயர், நான், உடைந்த கையோடு ரெமிஜியோ. பின்னால் காலடிச் சத்தமே இல்லை. நாங்கள் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தோம். அவள் மட்டும் பார்க்கவில்லை.

பனியில் கனமாக ஏதோ விழுந்தது. கொஞ்சம் கழித்து மிதியடிகள் நொறுநொறுவென்று பின்னால் வந்தன.

"அண்ணி," என்றது இருட்டு. "கொஞ்சம் மெதுவாப் போங்க. துப்பறியறவருக்கு இன்னும் இறங்கத் தெரியலை."